பார்க்காத துகளைப் பிடிப்பது எப்படி?

‘புதிய துகள் கண்டுபிடிப்பு’ என்று செய்தித்தாளில் வரும்போதெல்லாம் கூடவே இன்னொரு தகவலும் வரும்: அந்தத் துகள் ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு நேரம்கூட நிலைக்கவில்லை. அதைப் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு கேள்வி எழும். பிறந்ததும் அழிந்துபோன ஒன்றை யார் பார்த்தது?

யாரும் பார்க்கவில்லை. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய கருவியும் பார்க்கவில்லை. அந்தத் துகள் சிதைந்தபோது வெளியே தெறித்தவை விட்டுச்சென்ற தடங்கள்தான் கருவிக்குத் தெரியும். அந்தத் தடங்களைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, ‘இவை இரண்டும் இன்ன துகளிலிருந்து வந்திருக்கலாம்’ என்று சொல்வது ஒரு கணினி நிரல். துகள் இயற்பியலில் இன்று வரும் கண்டுபிடிப்புகளில் மிகப் பலவும் இந்தச் சேர்த்துப் பார்க்கும் வேலை வழியாகத்தான் வருகின்றன. அது எப்படி நடக்கிறது என்று அறிய ஒரே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

வானத்தில் இரண்டு குண்டு

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் திருவிழா இரவில் மொட்டைமாடி ஏறினால் வாணவேடிக்கை நன்றாகத் தெரியும். சிவகாசிக்காரர்கள் ‘ஃபேன்சி ரகம்’ என்பார்களே, அந்த வெடி. மேலே போகும் குண்டுக்குள் ‘மணி மருந்து’ எனும் சிறு உருண்டைகள் இருக்கும். உச்சியில் குண்டு வெடித்ததும் அவை எரிந்தபடி எல்லாத் திசையிலும் சிதறும். ஸ்ட்ரான்சியம் சேர்ந்த உருண்டை சிவப்பாக எரியும், பேரியம் சேர்ந்தது பச்சையாக.

இரண்டு குண்டுகள் ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் வெடிக்கின்றன என்று வையுங்கள். நீங்கள் குண்டுகளைப் பார்க்கவில்லை. பொறிகள் மட்டும் ஒரு புகைப்படத்தில் கோடுகளாக விழுந்திருக்கின்றன. எந்தப் பொறி எந்தக் குண்டுடையது என்று பிரிக்க முடியுமா?

முடியும். ஒவ்வொரு கோட்டையும் பின்னோக்கி நீட்டினால், ஒரு குண்டின் பொறிகள் எல்லாம் ஒரு புள்ளியில் கூடும். நிறம் மருந்தைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது வழி கொஞ்சம் நுட்பமானது. நிறையையும் வேகத்தையும் பெருக்கித் திசையோடு சொல்வதற்கு உந்தம் என்று பெயர். வெடித்த கணத்தில் எல்லாத் துண்டுகளின் உந்தத்தையும் திசையோடு கூட்டினால், வெடிப்பதற்குச் சற்று முன் குண்டுக்கு இருந்த உந்தம் அப்படியே கிடைக்கும். இடப்பக்கம் பாய்ந்ததை வலப்பக்கம் பாய்ந்தது ஈடுகட்டிவிடும். ஆகவே துண்டுகளைச் சரியாகக் கூட்டினால் முழுக் குண்டின் போக்கும் தெரியும்.

துகள் ஆய்வில் செய்வதும் இதே மூன்றுதான்: கோட்டைப் பின்னால் நீட்டுவது, இனம் காண்பது, கூட்டுவது. ஆனால் ஓர் இடத்தில் ஒப்புமை உடைகிறது. மணி மருந்து உருண்டைகள் முதலிலிருந்தே குண்டுக்குள் இருந்தவை. துகள் சிதையும்போது வெளிவருபவை அதற்குள் ஒளிந்திருந்தவை அல்ல. தாய்த் துகளின் நிறையே சேய்த் துகள்களின் நிறையாகவும் ஓட்டமாகவும் மாறி அவை அந்தக் கணத்தில் புதிதாகப் பிறக்கின்றன. அதனால்தான் சேய்களின் நிறையை மட்டும் கூட்டினால் தாயின் நிறை வராது. ஓட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேக அறையில் விழுந்த கோடுகள்

இந்த வேலையை முதலில் மனிதர்கள் கண்ணாலேயே செய்தார்கள். 1947இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜார்ஜ் ரோச்செஸ்டரும் கிளிஃபோர்ட் பட்லரும் விண்வெளிக் கதிர்களை மேக அறையில் படமெடுத்தார்கள். மின்னூட்டமுள்ள துகள் போன வழியில் நீராவி துளிகளாகப் படிந்து கோடு விழும் அறை அது. ஒரு படத்தில் வெறும் இடத்திலிருந்து திடீரென்று இரண்டு கோடுகள் ‘வி’ வடிவில் கிளம்பியிருந்தன. மின்னூட்டம் இல்லாத ஏதோ ஒன்று கோடு விழாமல் வந்து, அங்கே சிதைந்திருக்கிறது. கோடுகளின் வளைவை அளந்து, உந்தங்களைக் கூட்டி, வந்தது அதுவரை யாரும் அறியாத துகள் என்று சொன்னார்கள். இன்று அந்தக் குடும்பத்துக்குக் கேயான் என்று பெயர். சீக்கிரம் சிதையும் கேயான், பையான் எனும் இரண்டு துகள்களாகப் பிரியும். ஒன்று நேர் மின்னூட்டம், மற்றது எதிர் மின்னூட்டம்.

நாம் போடப்போகும் கணக்கும் இந்தக் கேயானைப் பற்றியதுதான். ஒரு படத்தில் இரண்டே கோடுகள் இருந்தால் கண் போதும். இன்றைய மோதல் ஒன்றில் பத்துப் பதினைந்து கோடுகள் விழுகின்றன. அப்படிப்பட்ட மோதல்கள் கோடிக்கணக்கில்.

சுகுபாவில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு

ஜப்பானின் சுகுபா நகரில் கே.இ.கே. என்ற ஆய்வகம் இருக்கிறது. அங்கே 3 கி.மீ. சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் எதிரெதிராக ஓடவிட்டு மோதவைக்கிறார்கள். மோதும் இடத்தைச் சுற்றி நிற்கும் கருவியின் பெயர் பெல்-2. முதல் மோதல் 2018 ஏப்ரலில் நடந்தது. அதற்கு முன்னால் அதே இடத்தில் 1999 முதல் 2010 வரை பெல் கருவி ஓடியது.

சென்னை ஐ.ஐ.டி.யும் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனமும் இந்தக் கூட்டு முயற்சியில் பங்கேற்றுள்ளன. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கருவிக்குள் இருக்கும் சிலிக்கான் அடுக்குகளில் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். மோதல் புள்ளியிலிருந்து 8 செ.மீ. தள்ளி நிற்கும் நான்காம் அடுக்கு அது. இந்த 8 செ.மீ.யை நினைவில் வையுங்கள்.

மோதலில் பிறந்தவை கருவியைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது காந்தப்புலம் அவற்றின் பாதையை வளைக்கிறது. உந்தம் குறைந்தது அதிகம் வளையும், உந்தம் மிகுந்தது கிட்டத்தட்ட நேராகப் போகும். வலப்பக்கம் வளைகிறதா இடப்பக்கமா என்பது மின்னூட்டத்தைச் சொல்லும். இதைப் பார்க்க ஜப்பான்வரை போக வேண்டியதில்லை. சூலக்கரையிலிருந்து வடக்கே சுமார் 50 கி.மீ.யில், மதுரையில், 11 அடுக்கு இரும்புத் தகடுகளும் 85 டன் எடையும் கொண்ட ‘மினி-ஐகால்’ கருவி, வானிலிருந்து இறங்கும் மியூவான் எனும் துகள்கள் காந்தப்புலத்தில் வளைவதைப் பதிவு செய்கிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்காக வடிவமைத்த பெரிய கருவியின் சிறிய மாதிரி அது.

ஆக, கருவி தருவது ஒரு பட்டியல். ஒவ்வொரு தடத்துக்கும் உந்தம், திசை, மின்னூட்டம், இன்ன இனமாக இருக்கலாம் என்ற மதிப்பீடு. அவ்வளவுதான். ‘இது கேயானிலிருந்து வந்தது’ என்று எந்தத் தடத்தின் மேலும் எழுதியிருக்காது.

இரண்டு பையான், ஒரு கணக்கு

துகள் இயற்பியலார் நிறை, உந்தம், ஆற்றல் மூன்றையும் ஒரே அலகில் எழுதிவிடுவார்கள்: மில்லியன் எலக்ட்ரான்வோல்ட். இனி எண்ணை மட்டும் எழுதுகிறேன். ஒரு புரோட்டானின் நிறை 938. பையானின் நிறை 139.6. நாம் தேடும் கேயானின் நிறை 497.6.

பட்டியலிலிருந்து இரண்டு தடங்களை எடுப்போம். ஒன்று நேர் மின்னூட்டம், ஒன்று எதிர். முதல் தடத்தின் உந்தம் முன்னோக்கி 500, இடப்பக்கமாக 206. இரண்டாவதன் உந்தம் முன்னோக்கி 500, வலப்பக்கமாக 206. எண்களை எளிதாக்க இரண்டையும் ஒரே அளவாக வைத்திருக்கிறேன். உண்மைத் தரவில் இவ்வளவு அழகாக அமையாது.

உந்தங்களைக் கூட்டுவோம். பக்கவாட்டு 206கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முன்னோக்கி 1000 மிஞ்சும். இவை ஒரு தாயின் சேய்கள் என்றால் தாயின் உந்தம் 1000.

அடுத்தது ஆற்றல். இதற்குப் பள்ளியில் படித்த பிதாகரஸ் போதும். ஒரு செங்கோண முக்கோணத்தில் ஒரு பக்கம் உந்தம், இன்னொரு பக்கம் நிறை, கர்ணம்தான் ஆற்றல். ஐன்ஸ்டைனின் சார்பியல் இந்த முக்கோணத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு தடத்தின் மொத்த உந்தம் 500, 206 இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 541 வரும். அது ஒரு பக்கம். மறுபக்கம் பையானின் நிறை 139.6. கர்ணம் 558.5. இரண்டு தடங்களுக்கும் சேர்த்து ஆற்றல் 1117.

இப்போது அதே முக்கோணத்தைத் தாய்க்குப் போடுவோம். கர்ணம் 1117, ஒரு பக்கம் 1000, மறுபக்கம் எவ்வளவு? 1117இன் வர்க்கம் 12,47,689. அதிலிருந்து 10,00,000 போனால் 2,47,689. அதன் வர்க்கமூலம் 497.7.

கேயானின் நிறை 497.6. கணக்கு ஒட்டிவிட்டது.

இப்படிக் கிடைக்கும் நிறைக்கு மாறா நிறை என்று பெயர் வைக்கலாம். தாய் எவ்வளவு வேகத்தில் ஓடினாலும், எந்தத் திசையில் சிதைந்தாலும், சரியான சேய்களைக் கூட்டினால் இதே எண்தான் வரும். ஓடும் தாயும் நின்ற தாயும் ஒரே விடை தருவதால்தான் இந்த எண்ணை நம்பித் தேட முடிகிறது.

பெயரை மாற்றிப் போட்டால்

கணக்கில் ஓர் ஊகம் புகுந்திருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டு தடங்களும் பையான்கள் என்று நாமாக வைத்துக்கொண்டோம். கருவி உந்தத்தை அளந்தது, நிறையை அளக்கவில்லை. 139.6 என்பது நாம் கொண்டுவந்து வைத்த எண்.

வேறு பெயர் வைத்துப் பார்ப்போம். இரண்டும் மியூவான்கள் என்றால் விடை 463. எலக்ட்ரான்கள் என்றால் 412. ஒன்றைப் புரோட்டான் என்று கொண்டால் 1302. புரோட்டானும் பையானுமாகச் சிதையும் லாம்டா என்ற துகள் உண்டு. அதன் நிறை 1116. நம் 1302 அதன் பக்கத்திலேயே வரவில்லை. ஆக அந்தச் சந்தேகமும் தீர்ந்தது.

ஒரே இரண்டு கோடுகள், வைத்த பெயரைப் பொறுத்து நான்கு விடைகள். நிரல் இதனால்தான் தடங்களை நேரே கூட்டுவதில்லை. முதலில் ஒவ்வொரு தடத்துக்கும் இனப் பட்டியல்களில் இடம் தருகிறது. ஒரே தடம் பையான் பட்டியலிலும் கேயான் பட்டியலிலும் ஒரே நேரத்தில் இருக்கலாம். இரண்டும் மாற்று ஊகங்கள். எது சரி என்று இந்தக் கட்டத்தில் யாரும் முடிவு செய்வதில்லை.

25, 400, 2400

இனி நிரலுக்குள் போவோம். பெல்-2 குழுவின் பகுப்பாய்வு மென்பொருளின் பெயர் பாஸ்ஃப்-2. நிரலின் மூலத்தை எவரும் படிக்கலாம். ஆய்வு மாணவர் அதற்குப் பைத்தான் மொழியில் கட்டளை எழுதுகிறார். அந்தக் கட்டளைகள் ஏறத்தாழ இப்படிப் போகும்: தடங்களிலிருந்து பையான் பட்டியல் எடு. நேர்ப் பையானையும் எதிர்ப் பையானையும் கோத்துக் கேயான் பட்டியல் உண்டாக்கு, நிறை 497.6ஐ ஒட்டி இல்லாதவற்றைத் தள்ளு. அந்தக் கேயானோடு இன்னும் இரண்டு பையான்களைக் கோத்து, டி-மேசான் என்ற துகளின் பட்டியல் உண்டாக்கு. அதோடு மின்னூட்டமுள்ள ஒரு கேயானைக் கோத்து, இந்த மோதல்களில் ஜோடியாகப் பிறக்கும் பி-மேசான் என்ற துகளின் பட்டியல் உண்டாக்கு.

கீழிருந்து மேலாகக் கட்டிக்கொண்டு போகும் முறை. ஒவ்வொரு படியிலும் வருவதை உத்தேசத் துகள் என்பேன். உண்மையாகவும் இருக்கலாம், சும்மா சேர்ந்த கூட்டாகவும் இருக்கலாம்.

சும்மா சேர்ந்தவை எவ்வளவு வரும்? ஒரு மோதலில் 5 நேர்த் தடம், 5 எதிர்த் தடம் என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்றதோடு கோத்தால் 25 ஜோடி. உண்மையான கேயான் அதிகம் போனால் ஒன்று இருக்கும், பல மோதல்களில் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு ஜோடிக்குப் பின்னும் 4 நேர், 4 எதிர் மிச்சம். அவற்றிலிருந்து இரண்டைக் கோக்க 16 வழி. ஆக டி-மேசானுக்கு 400 உத்தேசங்கள். இன்னும் 3 நேர், 3 எதிர்த் தடங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கோத்தால் 2400. பத்தே தடங்களிலிருந்து 2400 பி-மேசான்கள்! உண்மையில் ஒரு மோதலில் பிறப்பது இரண்டே இரண்டு.

கேயான் கட்டத்திலேயே 25ஐ ஒன்றாக்கிவிட்டால் இந்த 2400, 96 ஆகிவிடும். கீழ்ப்படியில் வடிகட்டுவதுதான் லாபம் என்பது இதில் விளங்கும்.

இரண்டு தவறுகளை நிரல் தானாகவே தடுக்கிறது. ஒரே தடம் ஒரு குடும்பத்தில் இரண்டு இடத்தில் வரக்கூடாது. கேயானின் சேயாக வந்த பையானே டி-மேசானின் சேயாகவும் வந்தால் அந்தக் கூட்டைத் தூக்கி எறியும். அதேபோல் ஒரே இனத் தடங்கள் இரண்டை இடம் மாற்றி வைத்து அதையே புதுக் கூட்டாக எண்ணக்கூடாது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் எண்ணிக்கையை வைத்து இயற்கையைப் பற்றிப் பேசும் துறையில் இரட்டை எண்ணல் பெரிய விபத்து.

எங்கே வடிகட்டுவது?

நிறை பொருந்துவது மட்டும் போதாது. தற்செயலாகக் கோத்த ஜோடிகளில் சிலவற்றுக்கும் 497ஐ ஒட்டி நிறை வரும். அங்கேதான் அந்த 8 செ.மீ. உதவுகிறது.

நாம் கணக்குப் போட்ட கேயானின் உந்தம் 1000. அந்த வேகத்தில் அது சிதைவதற்கு முன் சராசரியாக 5.4 செ.மீ. ஓடும். துகள் உலகில் இது நெடும்பயணம். மோதல் புள்ளியில் பிறந்த மற்ற தடங்கள் எல்லாம் பின்னால் நீட்டினால் அந்தப் புள்ளிக்கே போகும். கேயானின் இரண்டு சேய்கள் மட்டும் தள்ளி ஓரிடத்தில் கூடும். அந்த இடத்தைப் பிரிபுள்ளி என்போம். நான்காம் சிலிக்கான் அடுக்கு அதற்குச் சற்று வெளியே நிற்பதால் சேய்கள் இரண்டும் அதில் பதிந்து, பிரிபுள்ளியைத் துல்லியமாகக் குறிக்க முடிகிறது. கூடுதலாக ஒரு சோதனை: மோதல் புள்ளியிலிருந்து பிரிபுள்ளிக்குப் போகும் கோடும், கூட்டிய உந்தத்தின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். தற்செயல் ஜோடிகள் பெரும்பாலும் இதில் தோற்றுவிடும்.

பிரிபுள்ளியைக் கண்டுபிடிக்கக் கணினி திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. நிறைக் கணக்கோ நான்கைந்து கூட்டல் பெருக்கல்தான். அதனால் அனுபவமுள்ளவர்கள் மலிவான நிபந்தனையை முன்னால் வைத்துக் கூட்டத்தைக் குறைத்துவிட்டு, செலவுள்ளதைப் பின்னால் வைப்பார்கள். வரிசையை மாற்றிப் போட்டவருடைய நிரல் நாள்கணக்கில் ஓடும். விடை மட்டும் அதே விடை.

இன்னொரு நல்ல வடிகட்டி பி-மேசானுக்கு வாய்த்திருக்கிறது. மொத்த உந்தம் சுழியாகத் தெரியும் நிலையிலிருந்து பார்த்தால், சுகுபாவில் மோதலின் ஆற்றல் 10,580 என்று இயந்திரத்தாலேயே தெரியும். பிறக்கும் இரண்டு பி-மேசான்களும் அதைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே கட்டி முடித்த உத்தேசத்தின் ஆற்றல் 5290 வர வேண்டும். ஒரு தடத்தை விட்டிருந்தால் குறையும், வேற்றுத் தடத்தைச் சேர்த்திருந்தால் கூடும். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலுள்ள பெரிய மோதுவிப்பானில் புரோட்டான்களை மோதவைப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் வேறு வழியில் வருந்தி உழைக்கிறார்கள்.

இவ்வளவும் எதற்கு? மேலே சொன்ன தொடர் மிக அரிது. மின்னூட்டமுள்ள பி-மேசான்கள் பத்து லட்சத்தை எடுத்தால் ஏறத்தாழ ஏழுதான் இந்த வழியில் சிதையும். அந்த ஏழிலும் பருப்பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. அந்த வேறுபாட்டுக்கு 1973இல் கோட்பாடு தந்த கோபயாஷியும் மஸ்காவாவும் 2008இல் நோபல் பரிசு பெற்றார்கள். வேறுபாட்டின் அளவைக் குறிக்கும் ஒரு கோணத்தை பெல், பெல்-2 தரவுகளைச் சேர்த்து அளந்து 2022இல் வெளியிட்டார்கள்: 78.4 பாகை, பிழை எல்லை சுமார் 11 பாகை. அந்த வேலையில் சென்னை ஐ.ஐ.டி. குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையில் உட்கார்ந்து கேயானையும் பையானையும் கோத்தவர்கள் அவர்கள்.

குவியலில் தெரிவது

இத்தனை சோதனைகளையும் தாண்டி ஓர் உத்தேசம் நிற்கிறது. இனியாவது ‘இது கேயான்’ என்று சொல்லலாமா?

கூடாது. ஒரு தனி ஜோடியைக் காட்டி உறுதியாகச் சொல்ல எந்த நிரலாலும் முடியாது. என் பார்வையில் இந்தத் துறையில் வெளியாட்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். துகளைக் கண்டுபிடித்தோம் என்றால் அந்தத் துகளைத் தனியே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள் இல்லை.

கோடிக்கணக்கான மோதல்களிலிருந்து வந்த உத்தேசங்களின் நிறைகளை ஒரு வரைபடத்தில் அடுக்குவார்கள். தற்செயல் கூட்டுகள் எல்லா நிறையிலும் பரவலாக விழும். அவை சமதளமான பின்னணி. உண்மைக் கேயான்கள் எங்கே பிறந்தாலும் 497.6ஐச் சுற்றியே விழும். அளவுக் கருவியின் சிறு பிழையால் சில எண்கள் இப்படி அப்படிச் சிதறினாலும் அங்கே ஒரு மேடு எழும். மேட்டில் எத்தனை உண்மை, எத்தனை பின்னணி என்று இரு பக்கத் தளத்தை வைத்துக் கணிக்கலாம். மேட்டுக்குள் இருக்கும் குறிப்பிட்ட ஒரு ஜோடி எந்த வகை என்று மட்டும் சொல்ல முடியாது.

இதில் ஒரு பெரிய அபாயம் இருக்கிறது. நிபந்தனைகளை நம் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் பார்த்தால், பின்னணியின் தற்செயல் ஏற்ற இறக்கத்தையே மேடாக்கிக் காட்டலாம். 2003இல் ஜப்பானின் ஸ்பிரிங்-8 ஆய்வகத்தில், குவார்க் எனும் அடிப்படைத் துகள்கள் ஐந்து சேர்ந்த துகளின் மேடு 1540இல் தெரிகிறது என்றார்கள். தொடர்ந்து பல ஆய்வகங்கள் தங்கள் தரவிலும் அது இருப்பதாக அறிவித்தன. அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகம் இன்னும் அதிகத் தரவோடு 2005இல் அதே துகளைத் தேடியபோது மேடு இல்லை. ஏமாற்றுக்காரர் யாரும் அங்கே இல்லை. கொஞ்சம் தரவு, நிறைய ஆசை, அவ்வளவுதான். ஐந்து குவார்க் துகள்கள் பிறகு 2015இல் செர்னில் உண்மையாகவே கிடைத்தன, ஆனால் வேறு நிறையில், வேறு சேர்க்கையில்.

இதற்கு மருந்தாக இன்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நிபந்தனைகள் அனைத்தையும் கணினியில் உருவாக்கிய போலி மோதல்களை வைத்தே முடிவு செய்ய வேண்டும். போலி மோதலில் எந்தத் தடம் எதன் சேய் என்பது நமக்குத் தெரியும். நிரல் சரியாகக் கோத்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிபந்தனைகளைப் பூட்டி, உடன் ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் உண்மைத் தரவில் மேடு வரவேண்டிய பகுதியைத் திறப்பார்கள். அதுவரை அந்தப் பகுதி மூடியே இருக்கும். மேடு வந்தாலும் வராவிட்டாலும் முடிவை வெளியிட வேண்டும். மென்பொருளின் எல்லா நுட்பங்களையும்விட இந்த ஒரு பழக்கத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

தடமே விடாதவை

நியூட்ரினோ என்று ஒன்று இருக்கிறது. கருவியில் எந்தத் தடமும் விடாது. அதைச் சேயாகக் கொண்ட பி-மேசானை எப்படிக் கோப்பது?

சுகுபாவில் பி-மேசான்கள் ஜோடியாகவே பிறக்கின்றன என்பது கைகொடுக்கிறது. ஒன்றை முழுதாகக் கட்டி முடித்துவிட்டால், மொத்த ஆற்றலிலிருந்தும் உந்தத்திலிருந்தும் அதைக் கழித்தால் மிச்சம் எல்லாம் மற்றதுடையது. அந்த மிச்சத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்த தடங்களையும் கழித்தால் எஞ்சுவது நியூட்ரினோ கொண்டுபோனது. முதல் பி-மேசானைக் கட்ட பெல்-2 நிரலில் ஒரு தானியங்கி முறை இருக்கிறது. அது கோத்துப் பார்க்கும் தொடர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் வகை. ஒவ்வொரு படியிலும் இயந்திரக் கற்றலைக் கொண்டு ‘இது உண்மையாக இருக்கும் வாய்ப்பு இவ்வளவு’ என்று மதிப்பெண் போட்டு மேலே அனுப்பும். இவ்வளவு செய்தும் ஒரு பி-மேசானை அதன் எல்லாச் சேய்களோடும் முழுமையாகக் கட்ட முடிவது நூறில் ஒன்றுக்கும் குறைவு.

2023இல் பெல்-2 குழு ஓர் அரிய சிதைவுக்கு முதல் சான்று கிடைத்ததாக அறிவித்தது: ஒரு கேயானும் இரண்டு நியூட்ரினோக்களும். கருவியில் தெரிவது ஒரே ஒரு தடம். பதிவான எண்ணிக்கை இன்றைய கோட்பாடு சொல்வதைவிடக் கூடுதலாக இருந்தது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் அளவுக்கு அந்தக் கூடுதல் உறுதியானதல்ல. இன்னும் தரவு வேண்டும்.

நீங்களும் கோக்கலாம்

செர்ன் தன் தரவில் ஒரு பகுதியைத் திறந்த தளத்தில் பொதுமக்களுக்கு வைத்திருக்கிறது. அதில் சி.எம்.எஸ். கருவி பதிவு செய்த, இரண்டு மியூவான்கள் கொண்ட ஒரு லட்சம் மோதல்களின் கோப்பு உண்டு. ஒவ்வொரு வரியிலும் இரண்டு தடங்களின் ஆற்றல், மூன்று திசை உந்தம், மின்னூட்டம் எல்லாம் இருக்கும். கல்லூரி ஆய்வுக்கூடத்துக் கணினியில் விரிதாள் போதும், பைத்தான் தெரிந்தால் இன்னும் சுலபம்.

ஆற்றல்களைக் கூட்டுங்கள், உந்தங்களைத் திசைவாரியாகக் கூட்டுங்கள், முக்கோணத்தின் மூன்றாம் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கோப்பில் எண்கள் ஆயிரம் மடங்கு பெரிய அலகில் இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வந்த நிறைகளை வரைபடமாக அடுக்குங்கள். 3.1இல் ஜே-சை, 9.5இல் உப்சிலான், 91இல் இசட் துகள். மூன்று மேடும் வரவில்லையென்றால் முதலில் மின்னூட்டத்தைச் சரிபாருங்கள்; ஒரே மின்னூட்டமுள்ள இரண்டு மியூவான்களைக் கோத்துக்கொண்டிருக்கலாம்.